அரை டன் கனம், ஆறடி உயரம்

வீட்டுக்கு வரும் தண்ணீர் – 9

2015 டிசம்பர் முதல் நாள் விடிந்ததிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. அடையாறு கரை மீறி முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் உள்ளே புகுந்தது. வெள்ளம் வடிந்த வீடுகளில் அடுத்து வந்த கஷ்டம், புழங்கத் தண்ணீர் இல்லாதது. தரைக்குக் கீழே இருந்த சம்ப்பில் சாக்கடையும் சேறும். பக்கத்திலேயே தரையோடு தரையாக இருந்த மோட்டாரும் போயிற்று. மொட்டை மாடித் தொட்டிக்கு ஒரு சேதமும் இல்லை. அதில் ஏற்றத்தான் வழி இல்லை.

2019 கோடையில் கதை தலைகீழ். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்து இறங்கியது. தென்புறநகரிலோ கிணறு அடி தெரிந்தது, போரில் காற்று வந்தது. இப்போது சம்ப் இருந்தது, மோட்டார் இருந்தது, இறைக்க ஒன்றும் இல்லை.

இந்தப் பெரிய நெருக்கடிகள்தான் வர வேண்டும் என்றில்லை. மாடியில் நாற்பது வருஷத்துக் கான்கிரீட் தொட்டி விரிசல் விட்டு, இடித்துக் கட்ட வேண்டிவந்தால் போதும். ஒன்றிரண்டு மாதம் ஒப்பேற்ற ஒரு தொட்டி வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி, அதற்கொரு மேடை, கொஞ்சம் குழாய். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன், சென்னையின் இந்தத் தென்புறநகர் வீடுகள் ஏன் எப்போதும் தங்கள் தண்ணீரைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன என்று ஒரு வார்த்தை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் 1931-லேயே வந்துவிட்டது. குடிநீர்க் குழாய் அந்த வேகத்தில் வரவில்லை. மனை வாங்கியவர் முதலில் கிணறு வெட்டினார், பிறகு வீடு கட்டினார். கிணறோ கீழே இருக்கும் பாறையின் தயவில். பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் இந்தப் பக்கத்தது என்பதால் 1893-ல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. இந்தப் பாறையில் தண்ணீர் நிற்பது மேலே மக்கிய அடுக்கிலும் உள்ளே ஓடும் வெடிப்புகளிலும் மட்டும்தான். அதனால்தான் பக்கத்து வீட்டு போரில் பொங்குவது உங்கள் போரில் வருவதில்லை. ஜோசியம் பார்த்துப் பயனில்லை.

சரி, தொட்டிக்கு வருவோம். எவ்வளவு பெரியது? நகரத்துக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துக்கு வைத்திருப்பது 55. நெருக்கடிக் காலத்தில் நாமும் ஐம்பத்தைந்துக்கு இறங்கிவிட முடியும். நான்கு பேருக்கு 220 லிட்டர். 500 லிட்டர் தொட்டி இரண்டு நாள் தாங்கும். ஆயிரம் லிட்டர் வாங்கச் சொல்லி கடைக்காரர் வற்புறுத்துவார். கேட்காதீர்கள். காரணம் எடை. 500 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 500 கிலோ. நன்றாக வளர்ந்த எருமை ஒன்றை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை யாரும் நினைப்பதில்லை. சன்ஷேடு மேல் தொட்டி வைத்த வீடுகளை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பலகை வெயிலையும் மழையையும் தடுக்கப் போட்டது. அரை டன் அதன் கணக்கிலேயே இல்லை. போர்டிகோவின் நுனியும் அப்படித்தான். மாடியில் வைப்பதானால் தளத்தின் நடுவில் வேண்டாம், கீழே சுவரோ பீமோ ஓடும் இடத்துக்கு மேலே வையுங்கள். தரையில் மேடை போடுவதானால் இரண்டு வழி. ஹாலோ பிளாக்கைச் சிமெண்ட் கலவை வைத்துக் கட்டுவது, அல்லது வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் ஸ்டாண்டு அடிக்கச் சொல்வது. கலவை இல்லாமல் சும்மா அடுக்கிய கல் என்றைக்காவது ஒரு பக்கம் சாயும். ஸ்டாண்டு என்றால் ஒவ்வொரு காலுக்கும் கீழே கடப்பா கல்லோ கான்கிரீட் பலகையோ போட வேண்டும். இங்கே பல மனைகள் ஏரிப் பாசன வயலாக இருந்தவை. களிமண்ணில் குழாய் சொட்டிச் சொட்டி ஊறினால் கால் இறங்கிவிடும். ஸ்டாண்டின் மேற்புறத்தில் இரண்டு கம்பி மட்டும் வைத்துத் தொட்டியை உட்கார்த்தக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியின் அடி முழுவதும் பலகையில் படிய வேண்டும். படியாத இடத்தில்தான் வயிறு தொங்கிக் கீறல் விடும்.

அடுத்து உயரம். பிளம்பர்கள் ‘எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு’ என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. ஆறடி மேடை என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கட்டும். சமையலறைக் குழாய் மூன்றரை அடியில், குளியலறைக் குழாய் அதற்கும் கீழே. இரண்டுக்கும் ஆறடி தாராளம். ஷவர் வராது, வாஷிங் மெஷின் தண்ணீர் போதவில்லை என்று கத்தும். இரண்டு மாதத்துக்கு மக்கில் மொண்டு குளித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. உயரத்துக்குச் செலவழிக்கும் காசைக் குழாயின் விட்டத்தில் போடுங்கள். அரை அங்குலக் குழாயின் இடத்தில் ஒரு அங்குலக் குழாய் போட்டால் தண்ணீர் போகும் வாய் நான்கு மடங்கு. அழுத்தம் குறைந்த இடத்தில் இதுதான் கைகொடுக்கும். ஹோஸ் வழியில் எங்கும் மேடு தட்டக் கூடாது. மேட்டில் காற்று அடைத்துக்கொண்டு, தொட்டி நிறைந்திருந்தும் குழாயில் காற்று மட்டும் சீறும்.

வீட்டுக் குழாய்களோடு இதை எப்படிச் சேர்ப்பது? கொல்லைக் குழாயில் ஹோஸைச் செருகினால் வீடு முழுக்கத் தண்ணீர் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தப் பக்கத்துத் தனி வீடுகளில் பெரும்பாலும் அது நடக்காது. மாடித் தொட்டியடியிலிருந்து குளியலறைக்கு ஒரு குழாய், சமையலறைக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று எனத் தனித்தனியாக இறங்கும், ஒவ்வொன்றுக்கும் மேலேயே ஒரு வால்வு. அவை ஒன்று சேருமிடம் மாடியில். ஆறடித் தொட்டித் தண்ணீர் தன் மட்டத்துக்கு மேல் ஏறாதே! ஆகவே எந்தக் கிளைக்குத் தண்ணீர் வேண்டுமோ அந்தக் கிளையிலேயே ஒரு குழாயைக் கழற்றிவிட்டு அங்கே இணைக்க வேண்டும். இரண்டு கிளைக்கு வேண்டுமானால் ‘டீ’ போட்டு இரண்டு ஹோஸ். மாடி வால்வை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் மாடியில் புதுத் தொட்டியை நிரப்பும் அன்று அத்தனையும் கீழே இறங்கி இந்தச் சின்னத் தொட்டி வழியாகத் தெருவுக்குப் போகும். மாநகராட்சிக் குடிநீர் இணைப்போடு மட்டும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது. சப்ளை இல்லாத நேரத்தில் நம் தொட்டித் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் திரும்பிப் போகும்.

நிரப்புவதில்தான் அக்கம்பக்கம் தேவைப்படுகிறது. 12,000 லிட்டர் லாரிக்காரர் 500 லிட்டருக்காக வர மாட்டார். பக்கத்து வீட்டுக் கிணற்றில் அரை ஹெச்பி மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் தொட்டி நிறைந்துவிடும். கரண்ட் செலவை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுவது உறவுக்கு நல்லது. நம் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, ஈரத் தரையில் மோட்டாரை ஓட்டுபவர்கள், மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டட்டும். இது விளையாட்டு விஷயமில்லை.

புது நீர் ஏற்றும்போது ஆயிரம் லிட்டருக்கு நான்கைந்து கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுப் புழங்கலாம். குடிக்கக் கேன் தண்ணீர்தான். மூடியைச் சரியாகத் திருகுங்கள், ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் வலை கட்டுங்கள். சென்னையின் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு முட்டையிட விரும்பும் இடமே மேல்நிலைத் தொட்டியும் கிணறும்தான். சாக்கடையில் தேடினால் கிடைக்காது.

வடகிழக்குப் பருவத்தில் வைப்பவர்களுக்கு ஒன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது மாடிகளிலிருந்து பறந்த கறுப்புத் தொட்டிகள் பெரும்பாலும் காலித் தொட்டிகள். நிறைந்த தொட்டியைக் காற்று அசைக்காது, வெறும் தொட்டியை ஒரு ஆள் தூக்கிவிடலாம். புயல் அறிவிப்பு வந்தால் கயிறு கட்டுவதோடு தொட்டியை நிரப்பியும் வைத்துவிடுங்கள். மின்சாரம் போகுமுன் செய்ய வேண்டிய வேலை அது.

(அடுத்த வாரம்: லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?)