இறக்கத்தில் வண்டியை அடக்குதல்

நுவரெலியா நகர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் மோட்டார் வண்டி, அவ்வுயரத்தின் பெரும்பகுதியை வளைவுக்கு மேல் வளைவாகக் கடந்து வருகின்றது. அவ்வேளையில் சாரதி பிரேக்கை ஓயாது மிதித்தவண்ணம் வருவாராயின் நேர்வது யாது?

உராய்வினாற் பிரேக்குக் கட்டைகள் சூடேறிப் பிடிப்புக் குன்றுகின்றன. சூடு மேலும் மிகுந்தால் பிரேக்கு எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றும். எண்ணெய் காலின் அமுக்கத்தைச் சில்லுக்குக் கடத்தும். ஆவியோ தானே சுருங்கிவிடும். மிதி தரைவரை தாழும், வண்டி நில்லாது.

இதற்குக் காப்பு, தாழ்ந்த கியரே. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதுவே உரியது என்பது பழகிய சாரதிகளின் விதி. அப்பொழுது சில்லுகள் எஞ்சினைச் சுழற்றவேண்டியிருத்தலால், எஞ்சினே வண்டியைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கின்றது. இறக்கம் தொடங்குமுன்னரே கியரை மாற்றுதல் வேண்டும். பிரேக்கை வேண்டிய இடத்தில் உறுதியாக மிதித்து, உடனே விடுதல் வேண்டும்.

எரிபொருளை மிச்சம்பிடிக்கக் கருதி, கியரை நியூட்டிரலில் விட்டு இறங்குவோர் அந்தப் பிடியைத் தாமே அறுத்துவிடுகின்றனர். இக்காலத்து எஞ்சின்கள் பலவும், கியரில் நின்றபடி இறங்கும்போது எரிபொருள் வரவைத் தாமே நிறுத்திவிடுகின்றன. ஆகவே அவர்களுக்கு மிஞ்சுவது எரிபொருளன்று; ஆபத்தே.