வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்: கணக்கை மீட்ட கதை

நம் உறுப்பினர்களில் பலர் கடைக்கணக்கை வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறார்கள். கடையில் பில் போட ஒரு மெஷின் இருக்கும். ஆனால் இரவு கடை அடைத்து வந்து பற்று வரவு பதிவதும், மாதம் பிறந்ததும் ஆடிட்டருக்கு ஜி.எஸ்.டி. விவரம் அனுப்புவதும் வீட்டு மெஷினில். பகலில் அதே மெஷினில் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், விளையாடுகிறார்கள். விருதுநகரில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2019-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த மெஷினில் வைரஸ் புகுந்தது. மல்லியும் வத்தலும் பருப்பும் கிராமத்துக் கடைகளுக்குக் கடனில் போய்ச் சேர்ந்து, இனி வசூலுக்குக் கிளம்ப வேண்டும் என்ற நேரம். நான்கு லட்சத்துச் சொச்சம் பாக்கி யார் யாரிடம் நிற்கிறது என்பது அந்த மெஷினுக்குத்தான் தெரியும்.

மெஷின் 2011-இல் வாங்கியது. விண்டோஸ் 7, இரண்டு ஜி.பி. மெமரி. ஆன்ட்டி வைரஸ் இருந்தது. ஆனால் அதன் சந்தா முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் மகள் பள்ளிக்கூட வேலை ஒன்றைப் பிரிண்ட் எடுக்க பென் டிரைவை வெளியே கொண்டு போனாள். திரும்பி வந்து மெஷினில் சொருகினாள். தன் ஃபோல்டர் படத்தின் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி இருப்பதைக் கவனிக்காமல் கிளிக் செய்தாள். ஃபோல்டர் வழக்கம்போல் திறந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் இரவு வேறொரு பென் டிரைவைச் சொருகினேன். அதிலும் எல்லா ஃபோல்டருக்கும் அந்த அம்புக்குறி. மூன்றாம் நாள் மெஷின் ஆமையாக நகர்ந்தது. நான்காம் நாள் டேலி கணக்கு இருந்த ஃபோல்டரைக் காணவில்லை.

மெக்கானிக்குக் போன் போட்டேன். "பழைய மெஷின்தானே அண்ணாச்சி, ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்திரலாம். ஒரு மணி நேர வேலை" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற எங்கள் கணக்குப்பிள்ளை, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர், "உள்ளே இருக்கிற பாக்கி லிஸ்ட் என்ன ஆகும் முதலாளி?" என்று கேட்டார். மெக்கானிக்கிடம் கேட்டேன். "பேக்-அப் இருக்கும்ல?" என்றார்.

பேக்-அப் இருந்தது. வாரம் தவறாமல் எடுத்ததுதான். எங்கே எடுத்தேன் தெரியுமா? அதே மெஷினில் 'டி' டிரைவில். 'சி', 'டி', 'இ' என்று திரையில் மூன்று பெயர் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஹார்டு டிஸ்க். ஒரே கல்லாப்பெட்டியில் மூன்று அறை இருக்கிற மாதிரி. பெட்டியே போனால் மூன்றும் போகும். இதைப் படிக்கும் அன்பர்களில் சிலராவது இன்றைக்கும் இப்படித்தான் வைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

எங்களைக் காப்பாற்றியது மச்சினன் மகன். இன்ஜினியரிங் படிக்கிற பையன். போனிலேயே, "மாமா, முதல்ல நெட் வயரைப் பிடுங்குங்க, மெஷினை ஆஃப் பண்ணிடுங்க. இனிமே எந்தப் பென் டிரைவையும் அதுல சொருகாதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் ஃபார்மட் போட விடாதீங்க" என்றான்.

அவன் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. இந்த வகை வைரஸ் நம் ஃபைல்களை அழிப்பதில்லை. அவற்றுக்கு 'மறைக்கப்பட்டது', 'சிஸ்டத்துக்கு உரியது' என்ற இரண்டு முத்திரைகளைக் குத்திவிடுகிறது. விண்டோஸ் அப்படி முத்திரை குத்தியதைச் சாதாரணமாகக் கண்ணில் காட்டாது. பிறகு அதே பெயரில் ஒரு போலிப் படத்தை அங்கே வைக்கிறது. அதை நாம் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும். அடுத்து உண்மையான ஃபோல்டர் திறக்கும். ஆக, எங்கள் கணக்கு முழுவதும் ஹார்டு டிஸ்கில் பத்திரமாகவே இருந்தது. ஃபார்மட் போட்டிருந்தால் வைரஸோடு சேர்த்து நல்ல கணக்கையும் நாங்களே கொளுத்தியிருப்போம். வண்டு விழுந்த மூட்டைக்காகக் கிட்டங்கியையே கொளுத்துவாரா யாராவது?

பழைய உறுப்பினர்களுக்கு 1999 ஏப்ரல் 26 நினைவிருக்கலாம். சி.ஐ.எச். அல்லது செர்னோபில் என்று பெயர் பெற்ற வைரஸ் அன்றைக்கு வேலையைக் காட்டியது. தைவான் மாணவர் ஒருவர் 1998-இல் எழுதியது அது. தென்கொரியாவிலும் துருக்கியிலும் மற்ற பல நாடுகளிலும் விண்டோஸ் 95, 98 மெஷின்கள் ஏராளமாக முடங்கின. ஹார்டு டிஸ்கின் ஆரம்பத்தில் ஏறத்தாழ ஒரு எம்.பி. அளவு இடத்தை அது அழித்தது. பேரேட்டில் எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்று காட்டும் முன்பக்கங்களைக் கிழித்த மாதிரி. ஆனால் விண்டோஸ் அந்த அட்டவணைக்கு இரண்டு பிரதி வைத்திருந்தது. பெரிய டிஸ்க்குகளில் இரண்டாம் பிரதி பெரும்பாலும் தப்பித்தது. அதை வைத்துக் கணக்கை மீட்க முடிந்தது. ஃபார்மட் போட்டால் அந்த இரண்டாம் பிரதியும் போய்விடும்.

எங்கள் வேலைக்கு வருகிறேன். பையன் மெஷினைத் திறந்து ஹார்டு டிஸ்கைக் கழற்றினான். சில நூறு ரூபாய் விலையில் ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. அதில் டிஸ்கைப் போட்டு யு.எஸ்.பி. வயர் மூலம் தன் லேப்டாப்பில் இணைத்தான். அவன் லேப்டாப்பில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் அங்கே ஓடாது. விண்டோஸ் போட்ட மறைப்பு முத்திரையையும் அது மதிப்பதில்லை. காணாமல் போன ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் நின்றன. கணக்குப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டார். டிஸ்கைக் கழற்ற விரும்பாதவர்கள் லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழைய மெஷினைத் துவக்கியும் இதைச் செய்யலாம். ஆனால் அந்தப் பென் டிரைவை நல்ல மெஷினில் தயாரிக்க வேண்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் கவனம் தேவை. டேலியில் ஒவ்வொரு நிறுவனக் கணக்கும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும். எக்செல் பட்டியல், பில் நகல், குடும்பப் புகைப்படம் ஆகியவற்றையும் எடுத்தோம். புரோகிராம்கள், விளையாட்டுகள், அம்புக்குறிப் படங்கள் எதையும் தொடவில்லை. புரோகிராமைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். கணக்கைப் புதிதாகப் போட முடியாது.

எடுத்த கணக்கை உடனே நம்பவும் இல்லை. வைரஸ் சோதனை செய்து, கடையில் இருந்த நல்ல மெஷினில் டேலியைத் திறந்தோம். கணக்குப்பிள்ளை தன் நாள்வழிச் சிட்டையை எடுத்து வந்து பத்துப் பன்னிரண்டு கடைகளின் பாக்கியை ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் பைசா சுத்தமாக ஒத்துப் போனது. அதற்குப் பிறகுதான் பழைய டிஸ்கை, 'சி' மட்டும் அல்ல, மூன்று பிரிவையும் அழித்து விண்டோஸ் ஏற்றினோம். வீட்டில் இருந்த பென் டிரைவ்கள் அத்தனையையும் சுத்தம் செய்தோம். வங்கி, ஜி.எஸ்.டி., ஈ-மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு மெஷினிலிருந்து மாற்றினோம். நாம் தட்டுகிற எழுத்தைத் திருடுகிற வைரஸும் உண்டு; வந்தது எது என்று யார் கண்டார்கள்?

எல்லா வைரஸிலும் இப்படித் தப்பிக்க முடியாது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் லினக்ஸில் போட்டாலும் பூட்டு திறக்காது. 2017 மே 12 அன்று உலகம் முழுவதும் பரவிய வானாக்ரை அந்த வகை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாமல் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பணம் கட்டினாலும் சாவி வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் அப்போதும் டிஸ்கை அழித்துவிடாதீர்கள். கழற்றிப் பீரோவில் வையுங்கள். டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேரை நடத்தியவர்கள் 2016 மே மாதம் தாங்களே பொதுச் சாவியை வெளியிட்டார்கள். பூட்டிய ஃபைலை வைத்திருந்தவர்களுக்கு அது பயன்பட்டது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற இலவச ஏற்பாட்டில் இப்படிப்பட்ட சாவிகள் பல கிடைக்கின்றன. நம் அரசும் 2017-இல் சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கி, வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்த கணக்கு விபத்தால் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்-அப் வைத்திருக்க வேண்டும் என்கிறது 57-ஆம் விதி. ஆகவே பேக்-அப் எடுப்பது நம் விருப்பத்துக்கு விட்ட காரியம் இல்லை.

பழைய மெஷினை என்ன செய்வது என்று கேட்பீர்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2020 ஜனவரி 14-ஓடு நின்றது. விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அப்படிப்பட்ட மெஷினைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கும் நெட்டும் அதில் ஒன்றாக இருக்கக் கூடாது. எங்கள் வீட்டுப் பழைய மெஷினில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். கணக்கு கடைக்குப் போய்விட்டது. இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கினோம். சனிக்கிழமை இரவு ஒன்றில் பேக்-அப் எடுத்து, உடனே கழற்றி வீட்டுக்கு எடுத்து வருகிறேன். அடுத்த சனிக்கிழமை மற்றது. எடுத்த தேதியைச் சிட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்குப்பிள்ளை என்னைக் கடை அடைக்க விடுகிறார்.

வைரஸ் கொண்டு வந்த அந்தப் பென் டிரைவுக்கு மகள் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள். வெளியே பிரிண்ட் எடுக்க அது மட்டும்தான் போகும். கடை மெஷினுக்குள் அது நுழைவதில்லை.