படம் போட்டவர் யார்? – தொடர்கதை ஓவியங்களின் 'பொற்காலம்' குறித்துச் சில குறிப்புகள்

கே.கே. நகர் ராஜமன்னார் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் ஒரு பழைய பேப்பர் கடை. போன மாதம் அங்கே எடைக்கு வந்து கிடந்த மூட்டையில் காலிகோ பைண்டு போட்ட ஒரு தொகுப்பு கண்ணில் பட்டது. கல்கி இதழிலிருந்து வாரவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த 'பொன்னியின் செல்வன்'. விலை பேசும்போது கடைக்காரர் சொன்னார்: "இதையெல்லாம் படத்துக்குத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க. கதைதான் எல்லாக் கடையிலும் புதுசாவே கிடைக்குதே."

சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் நாவல் வரலாறு பற்றி எழுதிய குறிப்பு ஒன்றிலும் ஓவியர் பெயர் கிடையாது. அதற்கப்புறம் சிறுபத்திரிகைகளில் எழுத வந்து பிரதி, வாசிப்பு, அதிகாரம் என்று எவ்வளவோ பேசியாயிற்று. ஆனால் தொடர்கதையை லட்சக்கணக்கானோர் வாசித்தது படத்தோடு சேர்த்துத்தான் என்கிற எளிய உண்மையை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஓவியர்தான் கதையின் முதல் வாசகர். அவருடைய வாசிப்பு கதையோடு சேர்ந்தே அச்சாகிவிடுகிறது. நாம் கதையை 'நம் இஷ்டத்துக்கு' வாசிக்கத் தொடங்கும்போது அவர் ஏற்கெனவே நமக்காக வாசித்து முடித்திருக்கிறார்.

பொற்காலம் என்று யாராவது சொன்னாலே நமக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். சோழர் பொற்காலம் பற்றி நாம் போட்ட சண்டை கொஞ்சமா? எந்தப் பொற்காலத்துக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. அமெரிக்காவில் சுமார் 1880களிலிருந்து 1920கள் வரை புத்தக, பத்திரிகை ஓவியத்தின் பொற்காலம் என்கிறார்கள். ரயில் பத்திரிகைகளை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1879இன் அஞ்சல் சட்டம் அவற்றுக்குக் குறைந்த கட்டணம் வைத்தது. விளம்பரக் காசு வந்தது. அதுவரை ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் இன்னொருவர் செதுக்கித்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது. ஹாஃப்டோன் பிளாக் வந்து அந்த இடைக்கையை நீக்கியது. ஹோவர்ட் பைல் இந்த மாற்றத்தின் நடுவில் நின்று வரைந்தவர், 1894இலிருந்து ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர். அவர் மாணவர் என்.சி. வைத் 1911இல் 'டிரெஷர் ஐலண்ட்' நாவலுக்குப் போட்ட படங்கள் கடற்கொள்ளைக்காரன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று முடிவுகட்டிவிட்டன.

நம் கதையும் ஏறத்தாழ இதுதான், கொஞ்சம் தாமதமாக. 1928இல் எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்குகிறார். முப்பதுகளில் மாலியின் கோடுகள் அதன் அடையாளமாகின்றன. 1941இல் கல்கி தொடங்கப்படுகிறது. தொடர்கதை, போட்டி, விளம்பரம் எல்லாம் சேர்ந்து உருவான வாரப்பத்திரிகைச் சந்தைக்கு மாதச் சம்பள ஓவியர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் கோட்டைத் தீர்மானித்ததில் அச்சுக்கும் பங்குண்டு. படத்தைப் போட்டோ எடுத்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, கோடு இல்லாத இடத்தை அமிலத்தால் அரித்தால் லைன் பிளாக். அதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவே சாம்பல் கிடையாது. நிழல் வேண்டுமானால் கோட்டை நெருக்க வேண்டும் அல்லது புள்ளி வைக்க வேண்டும். ரொம்ப நெருக்கினால் மட்டமான காகிதத்தில் மை அப்பிக்கொள்ளும். கோபுலுவின் சிக்கனத்தை வெறும் 'மேதைமை' என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. பிளாக்கையும் காகிதத்தையும் அறிந்த ஒரு தொழிலாளியின் சிக்கனம் அது.

1950இல் 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடங்கியபோது படம் போட்டவர் மணியம். 1924இல் பிறந்தவர், அப்போது வயது இருபத்தாறு. கல்கியோடு அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் போய்ச் சிற்பங்களையும் சுவரோவியங்களையும் பார்த்து வந்தவர். அந்தக் கொண்டை, அந்த நகை, அந்த இடை எல்லாம் அங்கிருந்து வந்தவை. பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டு மனிதர் எப்படி உடுத்தினார் என்பதற்கு முழுச் சான்று நம்மிடம் இல்லை. கல்வெட்டில் முகம் இருக்காது. அந்த வெற்றிடத்தை மணியம் நிரப்பினார். தெய்வங்களுக்காகவும் அரசவைக்காகவும் உருவான ஒரு சிற்ப அழகியல் இப்படி ஒரு நாவல் வழியாக நம்முடைய 'வரலாற்று நினைவு' ஆகிவிட்டது. பின்னாளில் அதே தொடர் மறுபடி வந்தபோது வினு, பத்மவாசன் போன்றவர்கள் வரைந்தார்கள். வாசகர்கள் அவற்றையும் மணியத்தோடுதான் ஒப்பிட்டார்கள். 2022இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது, "குந்தவை இப்படியா இருப்பா?" என்று கேட்டவர்கள் கல்கியின் வாக்கியங்களோடு ஒப்பிட்டா கேட்டார்கள்? அவர்கள் மனசில் இருந்தது மணியத்தின் கோடு. கருத்தியல் வேலை செய்வது இப்படித்தான். வாதம் செய்து நம்மை ஒப்புக்கொள்ள வைப்பதில்லை. ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது.

ஆனால் இதையே ஒற்றைச் சூத்திரமாக்கி எல்லோர் தலையிலும் கட்டிவிட முடியாது. சில்பியை எடுத்துக்கொள்வோம். விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். சென்னை மாகாணத்தில் கோயில் கதவுகளைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்கும் சட்டம் வந்தது 1947இல்தான். சட்டம் வந்தபின்பும் நடைமுறை எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் உள்மண்டபச் சிற்பம் சில அணா கொடுத்தால் கைக்கு வரும் காகிதமாகிறது. வரைந்தவர் பக்தியோடுதான் வரைந்தார். பத்திரிகையின் வாசகர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே கோயிலுக்குள் இருந்தவர்கள்தான். ஆனாலும் படம் அச்சானபின் யார் கைக்குப் போகும் என்பதை எந்தக் குருக்களும் தீர்மானிக்க முடியாது.

கோபுலு இன்னொரு வகை. தஞ்சாவூர்க்காரர், 1957இல் தொடங்கிய 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு – 'கலைமணி' என்ற பெயரில் எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு – படம் போட்டவர். நாகஸ்வரக்காரரும் சதிராடும் பெண்ணும் மையமாக வரும் கதை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் சமூகத்தைக் கேலிக்கோ காமத்துக்கோ மட்டும் காட்டுவது சுலபமாக இருந்த நேரம். கோபுலு அவர்களுடைய தொழிலை வரைந்தார். வாத்தியத்தைப் பிடிக்கிற கை, வாசிக்கும்போது உப்பும் கன்னம், கச்சேரிக்குப் போகிற கோஷ்டியின் நடை. அந்த ஊர்களில் வளர்ந்த கண் பார்த்த விஷயங்கள் இவை. சவடால் வைத்தியின் உடம்பு வளைவில் மிராசுதார் வீட்டுத் திண்ணையின் அதிகார உறவு மொத்தமும் இருக்கிறது. ஆயிரம் வார்த்தை கட்டுரையில் நாம் சொல்ல முயல்வதை அவர் முதுகெலும்பை வளைத்துச் சொல்லிவிடுகிறார்.

இனி, இல்லாதவர்களைப் பற்றி. என் பைண்டு தொகுப்பில் கதைப் பக்கத்தைத் திருப்பினால் பின்பக்கம் துணுக்கும் விளம்பரமும். அங்கேதான் வேலைக்காரி வருகிறாள், சமையல்காரர் வருகிறார், பட்டிக்காட்டான் வருகிறான். சிரிப்புக்காக மட்டும். கதைப் பக்கத்தில் அவர்களுக்கு முகம் கிடையாது. பல்லக்குத் தூக்கிகளாக, கூட்டத்தில் ஒரு தலையாக இருப்பார்கள். இது தமிழுக்கு மட்டும் உள்ள நோய் என்றும் சொல்ல முடியாது. 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகைக்கு 1916 முதல் 1963 வரை முந்நூறுக்கும் மேல் அட்டைப்படம் வரைந்தவர் நார்மன் ராக்வெல். கறுப்பினத்தாரை ஏவல் வேலை செய்பவர்களாக மட்டுமே காட்டலாம் என்பது அங்கே தமக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு என்று அவரே பின்னாளில் சொன்னார். அவர் அங்கிருந்து வெளியேறி, 1964 ஜனவரியில் 'லுக்' இதழில் ஒரு படம் போட்டார். நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்கு 1960இல் காவலோடு நடந்துபோன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸின் படம். அதை வரையும்போது ராக்வெல்லுக்கு அறுபத்தொன்பது வயது. அதே கைதான், பத்திரிகை மாறியதும் அது வரையக்கூடியதும் மாறியது. எனவே ஓவியரின் 'பார்வை'யைப் பற்றிப் பேசும்போது அவருக்குச் சம்பளம் கொடுத்தவரின் பார்வையையும் சேர்த்தே பேச வேண்டும்.

இங்கே அந்த முகங்கள் வெகுஜனப் பக்கத்துக்கு வந்ததில் எண்பதுகளின் ஒரு நிகழ்வு முக்கியம். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி', படம் ஆதிமூலம். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் 'நடை', 'கசடதபற' என்று நம் சிறுபத்திரிகைகளோடு சேர்ந்து வளர்ந்த கோடு அது. வழவழப்பு கிடையாது. சம்சாரியின் உடம்பு வெயிலில் காய்ந்த மாதிரியே காகிதத்தில் நின்றது. லட்சம் பிரதி விற்கும் பத்திரிகைக்கு அந்தக் கோட்டைத் தயார்செய்து கொடுத்தது சில நூறு பிரதி அச்சடித்த பத்திரிகைகள் என்பதில் நமக்குப் பெருமை இருக்கலாம். ஆனால் நாம் அந்த ஓவியர்களை எப்படி நடத்தினோம்? பக்கத்தில் இடம் மிச்சமானால் ஒரு கோட்டோவியம். கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. பணம் கேட்காமலிருப்பது அவர்கள் கடமை மாதிரி.

கடைசியாக, உடைமை. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆயின. யாரும் அச்சடிக்கலாம். எனவேதான் நடைபாதை வரை மலிவுப் பதிப்புகள். ஆனால் நாட்டுடைமை ஆவது எழுத்து மட்டுமே, படம் அதில் அடங்காது. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் மணியம் இல்லாததற்கு இது ஒரு காரணம். பேப்பர் கடைக்காரருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது: சம்பளத்துக்குப் பத்திரிகையில் வேலை செய்பவர் அதற்காக உருவாக்கிய படைப்பைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்கு. மற்ற உரிமைகளின் முதல் உடைமையாளர் படைத்தவரே. எத்தனை ஓவியர்களுக்கு இது தெரியும்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் தொகுப்பை பைண்டு செய்தவர் ஓரத்தை நறுக்கும்போது சில படங்களில் கீழ்மூலையிலிருந்த கையெழுத்தும் பாதி போயிருக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். புத்தகம் நேராக நிற்க வேண்டுமே. நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், இலக்கிய வரலாறு நேராக நிற்க வேண்டும் என்பதற்காக. கல்கி இதழ் 2020இல் அச்சை நிறுத்திவிட்டது. கையால் வரையும் வேலையே சுருங்கிவிட்டது. படம் போட்டுக் கொடுக்க எந்திரம் வந்தாயிற்று. இந்த நேரத்தில் குறைந்தபட்சம் நம் கையில் உள்ளதைச் செய்யலாம்: நாவலைப் பற்றி எழுதும்போது எந்தப் படத்தோடு வந்தது என்று சேர்த்து எழுதுவது, நாம் போடும் புத்தகத்தில் ஓவியர் பெயரை எழுத்தாளர் பெயருக்கு அடுத்து அச்சடிப்பது, மூலத்தைத் திருப்பிக் கொடுப்பது, காசு கொடுப்பது. இதில் முரண்படுபவர்கள் எழுதுங்கள், பேசுவோம்.