காய்ந்த புல் செத்த புல்லா?

சித்திரை மாதத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் பேருந்தில் சென்றால், சாலையோரமும் மலைச்சரிவும் வைக்கோல் நிறத்தில் தெரியும். ஐப்பசியில் அதே வழியில் செல்லுங்கள், எங்கும் பச்சை! யாரும் விதைக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. அப்படியானால் கோடையில் நாம் கண்டது செத்த புல்லா, உறங்கும் புல்லா?

இது வேடிக்கைக் கேள்வியன்று. செத்துவிட்டது என்று எண்ணித்தான் பலர் காய்ந்த புல்லைச் செதுக்கி எறிகின்றனர், தீயும் வைக்கின்றனர்.

முதலில் புல்லின் சங்கடத்தைப் பார்ப்போம். மண் காயக் காய, எஞ்சிய நீரை மண்துகள்கள் இறுகப் பற்றிக்கொள்கின்றன. பயிர்கள் மீள முடியாதபடி வாடும் நிலையில், அந்தப் பிடிப்பு ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். ஒரு வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும். பெருக்கிப் பாருங்கள்: 150 மீட்டர் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சுவது போன்ற வேலை அது!

சரி, நீராவி வெளியேறும் இலைத்துளைகளை மூடிவிட்டால்? நீர் மிஞ்சும். ஆனால் கரியமில வாயுவும் அதே துளை வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். மூடினால் பட்டினி, திறந்தால் தாகம். இதிலிருந்து மீளப் புல்லினம் மூன்று வழிகளைக் கையாள்கிறது.

முதல் வழி, தப்பித்தல். மலையில் மானாவாரியாக விளையும் சாமையும் புல்லினமே. மழை ஈரத்தில் முளைத்துச் சுமார் மூன்று மாதங்களில் கதிர் முற்றிவிடும். வறட்சி வரும்போது அது செடியாக இல்லை, விதையாக இருக்கிறது.

இரண்டாம் வழி, சிக்கனம். நண்பகலில் மானாவாரி மக்காச்சோளக் கொல்லைக்குச் சென்று பாருங்கள். இலைகள் குழல்போலச் சுருண்டிருக்கும். இலையின் மேற்புறத்திலுள்ள சில பெரிய செல்கள் நீரிழந்து சுருங்குவதே காரணம். சுருண்ட இலையில் வெயிலும் காற்றும் படும் பரப்புக் குறைகிறது. உள்ளே ஈரக்காற்று தங்குகிறது. ஒரே அளவுள்ள இரு ஈரக் கைக்குட்டைகளில் ஒன்றை விரித்தும் மற்றொன்றைச் சுருட்டியும் வையுங்கள். எது முதலில் காய்கிறது?

சிக்கனத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கரும்பிலைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் அதை விளக்கினர. கரும்பு, கரியமில வாயுவை முதலில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மமாகப் பிடித்து, உட்புறச் செல்களில் செறிவாகச் சேர்க்கிறது. ஆகவே துளைகளை அதிகம் திறக்க வேண்டியதில்லை. நெல்லுக்கு இவ்வசதி இல்லை. மக்காச்சோளம், சாமை, அருகு ஆகியவற்றுக்கு உண்டு. அதே அளவு கரியமில வாயுவைப் பெற இவை இழக்கும் நீர், நெல் இழப்பதில் ஏறத்தாழப் பாதிதான். பிறகு கரும்புக்கு ஏன் அவ்வளவு பாசனம் என்று கேட்பீர்கள். அது ஏறக்குறைய ஓராண்டு வயலில் நின்று, மலைபோல் விளைச்சல் தருகிறது அல்லவா?

மூன்றாம் வழி, தாங்குதல். இதில் வல்லது அருகு. வறட்சி முற்றினால் அது இலைகளைக் கைவிட்டு, மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளில் உணவையும் மொட்டுகளையும் காக்கிறது. மழை பெய்ததும் கணுக்களிலிருந்து புதுத்தளிர் கிளம்புகிறது. புல்வெளி வளர்ப்போருக்கும் இதில் பாடம் உண்டு. நாள்தோறும் சிறிது தெளித்தால் வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். சில நாள் இடைவெளிவிட்டு ஆழ நனைத்தால் கீழே இறங்கும்.

ஆனால் மண்வெட்டி வந்தால் நிலைமை வேறு. தண்டோடு செதுக்கிவிட்டால் மண்ணைப் பிடித்திருந்த வலை அறுந்துபோகிறது. தீ வைத்தால் மண் போர்வையின்றிக் கிடக்கிறது. அடுத்த பெருமழையில் சரிவின் மேல்மண் கரைந்து, கோமுகி ஆற்றின் வழியே அணைக்குள் வண்டலாகப் படிகிறது. மலைக்கும் நஷ்டம், அணை நீரை நம்பிய வயலுக்கும் நஷ்டம்.

வரும் கோடையில் பழுப்பேறிய அருகில் ஒரு சாண் பெயர்த்தெடுங்கள். தொட்டியில் நட்டுப் பத்து நாட்கள் நீர் ஊற்றுங்கள். செத்ததா, உறங்கியதா என்பதை அப்புல்லே உங்களுக்குச் சொல்லும்.