தமிழ்ச் செய்திக்குப் படியளப்பவர்கள்

சிங்கப்பூரின் ஒரே தமிழ் நாளிதழ் 'தமிழ் முரசு'. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, 2010-இல் அது 3.3. இத்தனை சிறிய வாசகர் வட்டத்தில் விற்பனைக் காசும் விளம்பர வருவாயும் மட்டும் ஒரு செய்தியறையைத் தாங்காது. வேறு யாரோ படியளக்க வேண்டும். அந்த 'யாரோ' காலந்தோறும் மாறியிருக்கிறார்கள்.

1887 ஜூன் 27-ஆம் தேதி சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். தீனோதய அச்சகத்தில் அச்சான அது 1890-இல் நின்றுபோனது. ஒரு பக்கத்தை ஈய எழுத்தில் கோக்க, கொம்பும் காலும் சுழியுமாகப் பெட்டி நிறைய அச்சுகள் தேவைப்பட்ட காலம் அது. தனியொருவர் மூன்றாண்டு தாக்குப்பிடித்ததே பெரிது.

தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் கோ. சாரங்கபாணி 1935 ஜூலை 6-ஆம் தேதி 'தமிழ் முரசு' கொட்டத் தொடங்கினார். வார இதழாகத் தொடங்கி, பின்னர் நாளிதழானது. துறைமுகத்திலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தவர்களைத்தான் அது தன் முதன்மை வாசகர்களாகக் கருதியது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைந்தபோது, அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று முரசு வாதாடியது. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியையும் திரட்டியது. கூலித் தொழிலாளிகளும் கொடுத்த அந்தப் பணம் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்குப் போனது. செய்தித்தாள் சமூகத்திடம் கையேந்தியது தன் செலவுக்காக அல்ல. ஆனால் சமூகத் தொண்டு என்ற பெயர் சம்பளக் கேள்வியை அடக்கிவிடாது: 1963-இல் ஊழியர் வேலைநிறுத்தத்தால் முரசு ஏறத்தாழ ஓராண்டு வெளிவரவில்லை. தொண்டு செய்யும் பத்திரிகையிலும் வேலை செய்பவருக்கு வீட்டு வாடகை உண்டே.

1995-இல் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் (எஸ்பிஎச்) நிறுவனம் முரசை வாங்கியது. ஆங்கில இதழ்களின் லாபம் தமிழ் இதழுக்கு நிழல் கொடுத்தது. இணையம் விளம்பரத்தை இழுத்துக்கொண்டதும் அந்த நிழலும் சுருங்கியது. 2021 டிசம்பரில் எஸ்பிஎச் நிறுவனத்தின் ஊடகப் பிரிவு முழுவதும் எஸ்பிஎச் மீடியா டிரஸ்ட் என்ற, பங்குதாரருக்கு லாபம் பிரிக்காத அமைப்புக்கு மாறியது. 2022 பிப்ரவரியில், ஐந்தாண்டுகளுக்கு அந்த அமைப்புக்கு ஆண்டுதோறும் 180 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி வரை தருவதாக அரசாங்கம் அறிவித்தது. தாய்மொழிச் செய்தியைக் காப்பதும் அந்த நிதியின் நோக்கங்களில் ஒன்று. 2023 ஜனவரியில் அந்நிறுவன இதழ்களின் விற்பனை எண்ணிக்கை மிகைப்படுத்திக் காட்டப்பட்டது வெளிவந்ததும், பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கும் குரல்கள் நாடாளுமன்றத்திலும் எழுந்தன.

சிறுபான்மையினரின் செய்தியைத் தாங்கும் இதே சுமையை அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தூக்குகின்றன. 1827-இல் நியூயார்க்கில் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' தொடங்கியதிலிருந்து கறுப்பினப் பத்திரிகைகள் பணத் தட்டுப்பாட்டோடுதான் வாழ்ந்துவருகின்றன. 2016-இல் அமைந்த ஐடா பி. வெல்ஸ் சங்கம் கறுப்பினத்தவர் உள்ளிட்ட செய்தியாளர்களுக்குப் புலனாய்வுப் பயிற்சி தருகிறது. மெக்ஆர்தர் அறக்கட்டளை முன்னின்று 2023-இல் அறிவித்த 'பிரஸ் ஃபார்வர்ட்' திட்டம், ஐந்தாண்டுகளில் 500 மில்லியன் டாலர் செலவிட உறுதி கூறியது. அறக்கட்டளையின் ஆர்வம் திசைமாறலாம். அரசு நிதி நிலையானது என்றாலும், கொடுப்பவரையே கேள்வி கேட்கும் கடமை செய்தியாளருக்கு உண்டு. இரண்டிலுமே சங்கடம் இருக்கிறது.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், அரசும் அறக்கட்டளையும் இல்லாத இன்னொரு கதை நடந்தது. 2006-இல் ஏ.கே.எம். மொஹ்சின் வங்காளதேசத் தொழிலாளர்களுக்காக 'பங்ளார் கண்டா' என்ற வங்காள இதழைத் தொடங்கினார். பின்னர் ரோவல் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் 'திபாஷ்ரம்' என்ற கூடத்தையும் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் அங்கே கூடி, தாங்கள் எழுதிய கவிதைகளை வாசித்தார்கள். வேலை அனுமதியில் வந்திருக்கும் இவர்கள் குடியிருப்பாளர் கணக்கில் வரமாட்டார்கள்; அதே வட்டாரத்துத் தேக்காவில் கூடும் தமிழகத் தொழிலாளர்களும் அப்படியே, அதனால் தமிழ் பேசினாலும் மேலே சொன்ன 2.5 விழுக்காட்டில் சேரமாட்டார்கள். எஸ்பிஎச் மீடியாவுக்கென ஒதுக்கிய அந்த 180 மில்லியனிலும் இத்தகைய தொழிலாளர் இதழ்களுக்குப் பங்கு இல்லை.