725 ஏக்கர் நிலம் மந்திரியின் பதவியைப் பறித்தது!

பிரிட்டனில் ஒரு மந்திரி நிலத்தால் பதவி இழந்தார். அவர் லஞ்சம் வாங்கவில்லை. அந்த நிலத்தைத் தம் பெயருக்கோ, தம் உறவினர் பெயருக்கோ எழுதிக்கொள்ளவும் இல்லை. தவறு செய்தவர்கள் அவருடைய இலாகா அதிகாரிகள் என்றுதான் விசாரணை அறிக்கை சொன்னது. ஆனாலும் அவர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, பொறுப்பு தம்முடையதே என்று கூறினார். பதவியை விட்டு விலகினார்.

அந்த மந்திரியின் பெயர் சர் தாமஸ் டக்டேல். விவசாய மந்திரி. அவர் பேசிய நாள் 1954-ஆம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி. சர்க்கார் தவறு செய்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பிரிட்டனில் இன்றும் அந்தப் பேச்சை நினைவுகூருகிறார்கள்.

குண்டு போட்டுப் பழக நிலம்

இங்கிலாந்தின் தெற்கே டார்செட் என்ற ஜில்லா இருக்கிறது. அங்கே கிரிச்செல் டவுன் என்று ஓர் இடம். மேட்டுப் பாங்கான விவசாய பூமி. பரப்பு 725 ஏக்கர்.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு சர்க்காரின் விமான இலாகா இந்த நிலத்தைக் கட்டாயமாக வாங்கியது. விமானிகள் குண்டு வீசிப் பழகுவதற்கு அந்த இடம் தேவைப்பட்டது. கொடுத்த விலை 12,006 பவுன். ஏக்கருக்கு 17 பவுன்கூட ஆகவில்லை.

நிலத்தின் ஒரு பகுதி ஆலிங்டன் பிரபுவுக்குச் சொந்தமாக இருந்தது. மற்ற பகுதிகள் வேறு சிலருடையவை. நாட்டுக்கு ஆபத்து வரும் காலம். யாரும் பெரிதாக எதிர்ப்புக் காட்டவில்லை.

1940-ல் ஆலிங்டன் பிரபு போர்ப் பணியில் இருந்தபோது இறந்துபோனார். அவருக்கு ஒரே மகள். பெயர் மேரி ஆன்னா. அப்போது அவளுக்கு வயது 11. பண்ணையெல்லாம் அந்தச் சிறுமிக்கு வந்து சேர்ந்தது. குண்டு விழும் நிலம் மட்டும் சர்க்காரிடம் இருந்தது.

1941-ல் பிரதம மந்திரி சர்ச்சில் பாராளுமன்றத்தில் ஒரு வாக்குக் கொடுத்தார். போருக்காக எடுத்த நிலங்கள் தேவை தீர்ந்ததும் பழைய சொந்தக்காரர்களுக்கே திரும்பக் கிடைக்கும் என்பதே அந்த வாக்கு.

போர் முடிந்தது; நிலம் திரும்பவில்லை!

போர் முடிந்தது. குண்டு போடும் தேவையும் தீர்ந்தது. ஆனால் நிலம் சொந்தக்காரர்களுக்குத் திரும்பவில்லை. விமான இலாகா அதை விவசாய இலாகாவின் கையில் ஒப்படைத்துவிட்டது!

விவசாய இலாகா அதிகாரிகளுக்கு ஒரு திட்டம் இருந்தது. 725 ஏக்கரையும் ஒரே பண்ணையாக்கி, கட்டடம் கட்டி, ஒரே குத்தகைக்காரரிடம் விடுவது என்பது அந்தத் திட்டம். உணவுத் தட்டுப்பாடு இருந்த காலம். ஆகவே அதிக விளைச்சல் வேண்டும் என்று அவர்கள் நினைத்தது தவறல்ல. பழைய சொந்தக்காரர்களை மறந்ததுதான் தவறு.

இதற்குள் சிறுமி மேரி ஆன்னா வளர்ந்து பெரியவளானாள். 1949-ல் அவளுக்குத் திருமணம் நடந்தது. கணவர் ஜார்ஜ் மார்ட்டன், கடற்படை அதிகாரி. மனைவியின் தகப்பனார் நிலத்தைத் திரும்பக் கேட்டு அவர் கடிதம் எழுதினார். பணம் கொடுத்து வாங்கத் தயார் என்றார். மறுப்பு வந்தது. மறுபடியும் எழுதினார். மறுபடியும் மறுப்பு வந்தது.

நிலத்தைப் பற்றி அறிக்கை தயாரிக்கும்படி இளம் அதிகாரி ஒருவரிடம் சொன்னார்கள். ஆனால் விஷயம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று கட்டளை! நிலத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களைக் கேட்க அவருக்கு வழி இல்லை. அறிக்கையில் பிழைகள் மலிந்தன. அந்தப் பிழையான அறிக்கையை நம்பியே மேலதிகாரிகள் முடிவு எடுத்தார்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. குத்தகைக்குக் கேட்டு அக்கம்பக்கத்து விவசாயிகள் பலர் மனுப் போட்டிருந்தார்கள். உங்கள் மனு கவனிக்கப்படும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் குத்தகைக்காரரை முன்பே முடிவு செய்தாகிவிட்டது! கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதுபோலத் தோற்றமாவது காட்ட வழி உண்டா என்று ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பின்னால் வெளியே வந்தது.

விசாரணை நடந்தது

மார்ட்டன் விடவில்லை. தம் தொகுதிப் பாராளுமன்ற அங்கத்தினரிடம் போனார். பக்கத்து விவசாயிகளைத் திரட்டினார். பகிரங்க விசாரணை வேண்டும் என்று குரல் எழுப்பினார். கடைசியில் சர்க்கார் இணங்கியது. சர் ஆண்ட்ரூ கிளார்க் என்ற வக்கீல் விசாரணை நடத்தினார்.

1954 ஜூன் மாதம் அறிக்கை வெளிவந்தது. லஞ்சம் இல்லை, ஊழல் இல்லை என்று கிளார்க் சொன்னார். ஆனால் அதிகாரிகள் நடந்துகொண்ட விதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். பொதுஜனங்களை அவர்கள் மதிக்கவில்லை, உண்மையை மறைத்தார்கள், தங்கள் திட்டம் ஒன்றே பெரிது என்று இருந்துவிட்டார்கள்.

பத்திரிகைகள் இதைப் பெரிதாக வெளியிட்டன. மந்திரியின் சொந்தக் கட்சி அங்கத்தினர்களே கொதித்தார்கள். ஜூலை 20-ந் தேதி காமன்ஸ் சபையில் விவாதம் வந்தது.

மந்திரி சொன்னது என்ன?

டக்டேல் எழுந்தார். அதிகாரிகள்மீது பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள அவர் முயலவில்லை. தம் இலாகாவில் அதிகாரிகள் வெற்றி கண்டால் அந்தப் பெருமையைத் தாம் முழுவதும் எடுத்துக்கொள்வதாகவும், அதுபோலவே அவர்கள் செய்யும் தவறுக்கும் திறமைக் குறைவுக்கும் சபைக்கு முழுப் பொறுப்பும் தாமே ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, தம்முடைய ராஜினாமாவைப் பிரதம மந்திரியிடம் கொடுத்துவிட்டதாக அறிவித்தார்.

அப்போது பிரதம மந்திரி யார்? 1941-ல் வாக்குக் கொடுத்த அதே சர்ச்சில்!

நிலம் பிறகு மார்ட்டன் குடும்பத்துக்கு விற்கப்பட்டது. சர்க்கார் கட்டாயமாக எடுத்த நிலம் தேவைப்படாமல் போனால், அதைப் பழைய சொந்தக்காரருக்கோ அவருடைய வாரிசுக்கோ முதலில் கொடுக்க முன்வர வேண்டும் என்று விதி பிறந்தது. அதற்குக் கிரிச்செல் டவுன் விதிகள் என்றே பெயர். அந்த விதிகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகள் கழித்து சர்க்கார் காகிதங்கள் வெளிவந்தன. முக்கிய முடிவுகள் டக்டேலுக்குத் தெரியாமல் நடக்கவில்லை என்று அவற்றிலிருந்து தெரிந்தது. அதிகாரிகளின் தவறுக்காகத் தண்டனை அடைந்த அப்பாவி என்று அவரை இப்போது யாரும் எளிதாகச் சொல்வதில்லை. ஆனால் சபையில் அவர் ஏற்றுக்கொண்ட முறைக்கு அதனால் மதிப்புக் குறையவில்லை.

பொறுப்புக்கு ஓர் அளவு

கடைச் சிப்பந்தி எடையில் தவறு செய்தால் வாடிக்கைக்காரர் யாரைக் கேட்பார்? முதலாளியைத்தான் கேட்பார். மந்திரி பொறுப்பு என்பதும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் செய்வதை ஒரு மந்திரி எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்றும் கேட்கலாம்.

அதே விவாதத்தில் உள்துறை மந்திரி சர் டேவிட் மாக்ஸ்வெல் ஃபைஃப் இதற்கு விளக்கம் சொன்னார்.

மந்திரி இட்ட கட்டளையை அதிகாரி செய்தால், மந்திரி அவரைக் காப்பாற்ற வேண்டும்.

மந்திரி வகுத்த கொள்கைப்படி அதிகாரி ஒழுங்காக நடந்தாலும் காப்பாற்ற வேண்டும்.

சிறு தவறோ தாமதமோ நேர்ந்தால், மந்திரி அதை ஒப்புக்கொண்டு சரிசெய்ய வேண்டும்.

மந்திரிக்குத் தெரியாமல் அதிகாரி மோசமான காரியம் செய்தால், அதற்கு அவர் பரிந்து பேச வேண்டியதில்லை. ஆனால் என்ன நடந்தது என்று சபைக்குப் பதில் சொல்லும் கடமை மந்திரிக்கே உண்டு.

28 ஆண்டுகள் கழித்து...

டக்டேலுக்குக் கீழே விவசாய இலாகாவில் ஓர் இளைஞர் துணை மந்திரியாக இருந்தார். பெயர் காரிங்டன் பிரபு. 1954-ல் அவரும் ராஜினாமாக் கொடுத்தார். சர்ச்சில் ஏற்கவில்லை.

28 ஆண்டுகள் சென்றன. காரிங்டன் வெளிநாட்டு மந்திரி ஆனார். 1982 ஏப்ரல் 2-ந் தேதி தென் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாக்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினா படை கைப்பற்றியது. பிரிட்டன் திகைத்துப்போயிற்று. ஏப்ரல் 5-ந் தேதி காரிங்டன் பதவி விலகினார். அவருடன் அதே இலாகாவின் மந்திரிகள் இருவரும் விலகினார்கள். பிரதம மந்திரி மார்கரெட் தாட்சர் தடுத்தும் அவர் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. படையெடுப்புக்குச் சர்க்கார்மீது குற்றம் சொல்ல முடியாது என்று அது கூறியது! ஆனால் காரிங்டன் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

விலகாத மந்திரி

எல்லா மந்திரிகளும் இப்படி நடக்கவில்லை. 1983 செப்டம்பர் 25-ந் தேதி வட அயர்லாந்தில் மேஸ் சிறையிலிருந்து 38 கைதிகள் தப்பினார்கள். ஒரு சிறை அதிகாரி உயிரிழந்தார். வட அயர்லாந்து மந்திரி ஜேம்ஸ் பிரையர் பதவி விலக வேண்டும் என்று கூச்சல் எழுந்தது.

பிரையர் மறுத்தார். தம் கொள்கையால் இது நடந்தது என்று விசாரணையில் தெரிந்தால் விலகுவேன். சிறைக் காவலில் நேர்ந்த தவறு என்றால் விலக மாட்டேன் என்பது அவர் வாதம். சிறைத் தலைவர் வேலையை விட்டார். மந்திரி இருந்தார். கொள்கை மந்திரியுடையது, நடத்துவது அதிகாரியுடையது என்று பிரித்துப் பேசும் வழக்கம் அதன்பின் வலுத்தது.

சபையில் பொய் கூடாது

தவறு நடந்தால் விலகலாமா, கூடாதா என்பதில் சண்டை இருக்கலாம். சபையில் தெரிந்தே பொய் சொல்லக் கூடாது என்பதில் சண்டை இல்லை. தெரிந்தே சபையை ஏமாற்றும் மந்திரி ராஜினாமாக் கொடுக்க வேண்டும் என்று 1997-ல் பாராளுமன்றம் தீர்மானமே செய்தது.

2018-ல் உள்துறை மந்திரி ஆம்பர் ரட் விலகினார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் முறையாக வந்து குடியேறியவர்களை, உரிமை இல்லாதவர்கள் என்று அதிகாரிகள் வதைத்த விஷயம் அம்பலமான நேரம். ஆட்களை நாட்டைவிட்டு அனுப்ப எண்ணிக்கைக் குறி வைத்திருக்கிறீர்களா என்று பாராளுமன்றக் குழு கேட்டது. இல்லை என்றார். இருந்தது என்று காகிதங்கள் காட்டின. தெரியாமல் தவறான தகவல் கொடுத்துவிட்டதாகக் கடிதம் எழுதிவிட்டு, ஏப்ரல் 29-ந் தேதி பதவியைத் துறந்தார்.

பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் கதை வேறு. கொரோனா நோய்க் காலத்தில் அவர் மாளிகையில் நடந்த விருந்துகளைப் பற்றிச் சபையில் கேட்டார்கள். எல்லா விதிகளும் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்று 2021 டிசம்பரில் சொன்னார். மறு ஆண்டு ஏப்ரலில் போலீசார் அவருக்கே அபராதம் விதித்தார்கள்! சபையைத் தெரிந்தே ஏமாற்றினார் என்று 2023 ஜூனில் சபைக் குழு தீர்ப்புச் சொன்னது. அப்போது அவர் பிரதம மந்திரியும் இல்லை. அங்கத்தினர் பதவியையும் விட்டுவிட்டார். தாம் நம்பியதைத்தான் சொன்னதாக அவர் வாதாடினார். சபை ஏற்கவில்லை. குழுவின் அறிக்கைக்கு ஆதரவாக 354 ஓட்டு. எதிராக 7 ஓட்டுதான்!

சாமானியனுக்கு என்ன லாபம்?

மந்திரி போனால் குடிமகனுக்கு என்ன கிடைக்கும்? கிரிச்செல் டவுன் அதற்குப் பதில் சொல்கிறது. கடற்படை அதிகாரி ஒருவர் எழுதிய கடிதங்களை இலாகா புறக்கணித்தது. ஆனால் சபையில் கேள்வி எழுந்ததும் அதே இலாகா பதில் சொல்ல வேண்டி வந்தது. யாரோ ஒருவர் எழுந்து நின்று, இது என் பொறுப்பு என்று சொல்லியே தீர வேண்டிய இடம் ஒன்று இருந்ததால்தான் நிலம் திரும்பியது.

பொறுப்பை ஒருவரும் ஏற்காவிட்டால் மனு மேஜைக்கு மேஜை போய்க்கொண்டே இருக்கும். மனுப் போட்டவன் வாசலில் காத்துக்கொண்டே இருப்பான்.