குழாய் வழி மூச்சுக்கும் ஈரம் வேண்டும்

புங்குடுதீவு மடத்துவெளியில் கடற்காற்று பட்டால் சட்டை உடம்போடு ஒட்டும். 30 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உள்ள அத்தகைய காற்றில் லீற்றருக்கு ஏறக்குறைய 23 மில்லிகிராம் நீராவி இருக்கும். நுரையீரலுக்கு அதுவே போதாது. அங்கே 37 பாகையில் 44 மில்லிகிராம் வேண்டும். மிச்சத்தை மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழலும் சேர்த்துவிடுகின்றன.

இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் தீண்டினால் மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். வேலணை, பண்ணை வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், தொண்டைக்குள் குழாய் இறக்கி, நாட்கணக்கில் வென்டிலேட்டரில் வைக்க வேண்டியும் வரும். குழாய் மூக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. உள்ளே போகும் மருத்துவ ஒட்சிசனிலோ ஈரமே கிடையாது. வளியைக் குளிர்வித்துத் திரவமாக்கும்போது நீராவி உறைந்து குழாய்களை அடைக்கும் என்பதால், அதை முதலிலேயே நீக்கிவிடுகிறார்கள். அந்த உலர்ந்த வாயுவையே தொடர்ந்து கொடுத்தால் சளி இறுகும். அதை மேலே தள்ளும் நுண்மயிர்கள் ஓய்ந்துபோகும். கடைசியில் குழாயே அடைபடும். அடைபட்ட குழாய் நிமிடங்களில் உயிரைப் பறிக்கக் கூடியது.

சில மணிநேர அறுவைச் சிகிச்சைக்குக் குழாயின் வாயில் பொருத்தும் சின்ன வடிகட்டி போதும். வெளிமூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து, அடுத்த உள்மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும். மயக்க மருந்து இயந்திரத்தில் கரியமிலவாயுவை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பும் தன் பங்குக்குச் சூடும் நீரும் தருகிறது. சளி தடித்தவர்களுக்கும் உடல் குளிர்ந்துபோனவர்களுக்கும் இவை போதாது. தண்ணீரைச் சூடாக்கி ஈரமூட்டும் கருவி வேண்டும். நியூசிலாந்தின் பிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம் 1970 வாக்கில் செய்த முதல் மாதிரியில் தண்ணீர் நிரப்பியது, பழம் பதப்படுத்தும் கண்ணாடிப் போத்தலில்! நிமிடத்துக்கு 10 லீற்றர் வாயுவை முழுதாக நனைக்க நாளொன்றுக்கு 630 மில்லிலீற்றர் தண்ணீர் செலவாகும். வழியில் குழாய் குளிர்ந்தால் நீராவி தண்ணீராகித் தேங்கும். அது நோயாளியின் நெஞ்சுக்குள் போய்விடக் கூடாது என்பதால் குழாய்க்குள்ளும் சூடேற்றும் கம்பி ஓடுகிறது.

மூக்கு வழியாக நிமிடத்துக்கு 4 லீற்றர் வரை ஒட்சிசன் எடுப்பவரின் கதை வேறு. அவருக்கு மூக்கு வேலை செய்கிறது. பக்கத்தில் குமிழியிடும் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல், என் பார்வையில், நோயாளியைவிட உறவினருக்கே அதிக ஆறுதல். தண்ணீர் மாற்றாவிட்டால் கிருமிதான் வளரும். வீட்டில் ஒட்சிசன் கருவி வைத்திருப்போர் போத்தல் தேவையா என்று வைத்தியரிடம் கேட்கலாம். தேவையென்றால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் தினமும் மாற்ற வேண்டும். தீவின் உவர்க் கிணற்றுத் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது.